ஆறு முயலும் ஒரு ஷெட்டும்

ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குக் கண் விழித்தேன். படுத்தபடியே இரண்டு தீர்மானங்கள் எடுத்தேன். ஒன்று, இனி சாகும்வரை விடியலைப் பார்ப்பதில்லை. எங்கள் ஊர் கெல்பெக்கிலிருந்து கிளம்பும் முதல் பஸ்ஸை முப்பத்தொரு வருஷம் ஓட்டியவன் நான். விடியல் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டு, இனி என் வீட்டுக்கு வேண்டிய இறைச்சியை நானே வேட்டையாடிக் கொண்டுவருவேன்.

இரண்டையும் என் மனைவி டோரீனிடம் அறிவித்தேன். இரண்டாவதைக் கேட்டுச் சிரித்தாள். முதலாவதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

"அப்ப ஒன்பதரைக்கு முன்னாடி எந்திரிக்கவே மாட்டே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. எதுக்குக் கேக்குறே?"

"டீ எப்ப போடணும்னு தெரியணும்ல, கண்ணு."

யார்க்ஷயரில் எங்கள் பக்கம் எல்லோரும் எல்லோரையும் கண்ணு என்பார்கள். தபால்காரர் என்னைக் கண்ணு என்பார். பல் டாக்டர்கூடக் கண்ணு என்று சொல்லிவிட்டுத்தான் பிடுங்கினார். ஆனால் டோரீன் சொன்னபோது நான் கொஞ்சம் நிதானித்திருக்க வேண்டும். அன்று நிதானிக்கவில்லை.

பஸ் டெப்போவில் எனக்குக் கடிகாரம் வாங்கித் தரப் பணம் சேர்த்திருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்தவனுக்கு இன்னொரு கடிகாரமா என்று கேட்டு, அந்தப் பணத்தைக் கையில் வாங்கி, ஒரு ஏர் ரைஃபிள் வாங்கினேன். பளபளவென்று மரக்கட்டை. மேலே தொலைநோக்கி. ஒரு டப்பா ஈயக்குண்டு, ஐந்நூறு எண்ணிக்கை. ஐந்நூறு முயல் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

சுடுவதற்கு இடம் வேண்டும். இடத்துக்காரர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். ஊருக்கு மேலே மெட்காஃபின் ஆட்டுப் பண்ணை. அவருடைய மேட்டு நிலத்தில் ஆடுகளைவிட முயல்கள் அதிகம். போனேன்.

"யாரு சுடப்போறது?" என்றார் மெட்காஃப்.

"நான்தான்."

"நீயா?" என்னைப் பார்த்தார். என் கண்ணாடியைப் பார்த்தார். "டோரீன் நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா."

"அப்ப சரி" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். 'ஹீட்டன் வீட்டார் என் மேட்டு நிலத்தில் முயல் சுட்டுக்கொள்ளலாம்.'

டோரீன் அதை வாங்கிப் படித்தாள். "வீட்டார்னு போட்டிருக்காரே?"

"அது மரியாதைக்குப் போடறது. அரசர்கூட தன்னை நாங்கள்னுதான் சொல்லிக்குவார்."

"ஓ" என்றாள்.

டோரீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா ஒரு பெரிய எஸ்டேட்டில் வேட்டைக் காவலராக இருந்தவர். எங்கள் கல்யாணத்தன்றுகூட என்னைத் துப்பாக்கி அறைக்குள் விடவில்லை. மாப்பிள்ளை கை வைத்தால் எதுவும் உடையும் என்று யாரிடமோ சொன்னார். வெடிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள், பாவம், இதெல்லாம் அவளுக்கு அலுத்துப்போயிருக்கும். அதனால் அவள் எதிரில் நான் துப்பாக்கிப் பேச்சை எடுப்பதையே குறைத்துக்கொண்டேன். அவ்வளவு பெருந்தன்மை எனக்கு.

துப்பாக்கி இருந்தது ஷெட்டில். தோட்டத்துக் கோடியில் மரத்தால் கட்டிய சின்ன ஷெட். அதில் ஒரு நாற்காலி, ஒரு கெட்டில், ஒரு ரேடியோ, மேலே உத்தரத்தில் ஒரு கொக்கி. கொக்கியில் என் யூஃபோனியம் தொங்கும். யூஃபோனியம் என்பது மடியில் வைத்து ஊதும் பித்தளை வாத்தியம். வளர்ந்த பன்றிக்குட்டி அளவு இருக்கும், சத்தமும் ஏறக்குறைய அப்படித்தான். ஊர் பேண்டில் இருபது வருஷமாக அதை ஊதுகிறேன். வீட்டுக்குள் ஊதக்கூடாது என்பது டோரீனின் சட்டம். ஆக, உலகத்தில் எனக்கென்று இருந்த இடம் அந்த ஷெட் ஒன்றுதான். அது போனால் வாத்தியமும் போச்சு, நானும் போனேன்.

அந்த ஷெட்டைத்தான் ஆகஸ்ட் மாதம் டோரீன் கேட்டாள்.

"எனக்கு அது வேணும், கண்ணு."

"எதுக்கு?"

"ஒரு வேலைக்கு. குளுகுளுன்னு இருக்கு. ஈ வராது. கதவு நல்லா சாத்துது."

"தர முடியாது. அது வேட்டைக்காரனோட இடம். ஆயுதம் இருக்கு."

"வேட்டைக்காரன் மூணு மாசமா என்ன கொண்டுவந்தான்?"

மூன்று மாதமாக மாலை தவறாமல் மேட்டுக்குப் போய்க் கல்சுவர் ஓரம் குப்புறப் படுத்திருக்கிறேன். முழங்கை தேய்ந்தது. சட்டையெல்லாம் ஆட்டுப் புழுக்கை. முயல்கள் வரும். எனக்கு முன்னால் உட்கார்ந்து முகம் கழுவும். நான் சுடுவேன். குண்டு இடது பக்கம் ஒரு சாண் தள்ளிப் போகும். முயல் குண்டு போன திசையைத் திரும்பிப் பார்க்கும், என்னைப் பார்க்கும், மறுபடி புல் மேயும். வீட்டுக்கு வந்து அவரைக்காய் டப்பாவை வேலியில் வைத்துத் தொலைநோக்கியின் திருகைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்வேன். டப்பா நடுவில் படும். மறுநாள் மேட்டில் பழையபடி ஒரு சாண் இடது பக்கம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவுக்கு வந்தேன். ஆனால் ஈயக்குண்டு டப்பாவில் குண்டுகள் மட்டும் மளமளவென்று குறைந்துகொண்டிருந்தன. என் உழைப்பை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

எங்கள் நாயும் உதவவில்லை. பேர் கிரேவி. குட்டைக்கால் டெரியர். என்னோடு மேட்டுக்கு வந்தால் வாசலிலிருந்தே குரைக்கும். விடியற்காலையில் டோரீனோடு நடக்கப் போகும்போது மட்டும் கப்சிப். சேறும் சகதியுமாக, பரம திருப்தியோடு வந்து படுத்துக்கொள்ளும்.

"சரி, ஒப்பந்தம் போட்டுக்குவோம்" என்றாள் டோரீன். "செப்டம்பர் கடைசி சனிக்கிழமை சர்ச்ல அறுவடை விருந்து. மாவுக்குள்ள கறி வச்சுச் சுடுவோமே, அந்த முயல் பை பண்றதா நான் ஒத்துக்கிட்டேன். ஆறு முயல் வேணும். நீ கொண்டு வந்துட்டா, ஷெட்டைப் பத்தி இனி வாயைத் திறக்கமாட்டேன்."

"கொண்டு வரலைன்னா?"

"ஷெட் எனக்கு. உன் பித்தளைப் பன்னிக்கு வேற இடம் பாத்துக்கோ."

சமையலறை நாட்காட்டியில் எழுதிக் கையெழுத்து போடச் சொன்னாள். 'ஆர்னல்ட் தானே சுட்ட ஆறு முயல்.' அவள் இடது கையால் எழுதுகிறவள்; எழுத்தெல்லாம் பின்பக்கம் சாய்ந்திருக்கும். 'தானே' என்பதன் கீழே ஒரு கோடு வேறு போட்டாள்.

அடுத்த பத்து நாளில் நான் சுட்டவை: ஒரு வேலிக்கம்பு, ஒரு முட்செடி, மெட்காஃபின் தண்ணீர்த் தொட்டி. தொட்டி ஓட்டையைச் சூயிங்கம் வைத்து அடைத்தேன்.

பதினோராம் நாள் புதன்கிழமை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சந்தை ஊருக்குப் போயிருந்தேன். டின்ஸ்டேலின் கசாப்புக் கடை வாசலில் மூன்று முயல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. தோலோடு. வயிறு சுத்தம் செய்து. ஒரு பின்னங்காலில் நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே கீறி, அந்தக் கீறலில் மற்ற காலை நுழைத்து, கம்பியில் மாட்டியிருந்தார்கள். வேட்டைக்காரர்கள் அப்படித்தான் கோத்து எடுத்துவருவார்கள் போலிருக்கிறது. எனக்குக் கோக்க எதுவும் கிடைத்ததில்லை, அதனால் தெரியாது.

"என்ன வேணும், கண்ணு?" என்றார் டின்ஸ்டேல்.

"இது எப்படிச் சுட்டது?"

"ஏர் ரைஃபிள். பாரு, கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல ஒரே குண்டு. கறியில ஒரு கீறல் இல்ல. நம்ம கெல்பெக் மேட்டு முயல்தான்."

"யாரு சுடறாங்க?"

"அதெல்லாம் சொல்றதில்ல. நல்ல கை கிடைக்கிறதே கஷ்டம். பக்கத்துக் கடைக்காரன் கொத்திட்டுப் போயிடுவான்."

யாரோ ஒரு கில்லாடி என் மேட்டில் என் முயல்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறான். எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு யோசித்தேன். அவன் சுட்டதை நான் வாங்கினால், மெட்காஃபின் அனுமதி பெற்ற ஆள் கைக்கே முயல் வந்து சேருகிறது. இதில் என்ன தப்பு? ஒன்று வாங்கினேன். காகிதத்தில் சுற்ற வேண்டாம் என்றேன். டின்ஸ்டேல் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அன்று மாலை மேட்டில் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, மறைத்து வைத்த முயலைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலால் நுழைந்தேன். சமையல் மேஜையில் பொத்தென்று வைத்தேன். கிரேவி ஓடிவந்தது. ஒரே ஒரு தடவை மோந்து பார்த்தது. கொட்டாவி விட்டுக்கொண்டு போய்விட்டது.

டோரீன் முயலைத் திருப்பிப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். பிறகு கால்களைப் பார்த்தாள். கால்களை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீயே சுட்டியா?"

"பின்னே? கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல. அங்கதான் குறி வச்சேன்."

"வயித்தை யாரு சுத்தம் பண்ணினது?"

"நான்தான். அங்கேயே."

"கால் கோத்தது?"

"நான்தான்."

"அழகா கோத்திருக்கே, கண்ணு" என்றாள். அவள் தோள்கள் குலுங்கின. அன்பு பொங்கி அழுகிறாள் என்று நினைத்தேன். நாட்காட்டியில் ஒரு கோடு போட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபம். சனிக்கிழமை ஒன்று. அடுத்த புதன் ஒன்று. டோரீன் செவ்வாயும் வெள்ளியும் சந்தைக்குப் போவாள். நான் புதனும் சனியும். ஒருவரை ஒருவர் சந்திக்கும் பயமே இல்லை. என் திட்டமிடலைக் கண்டு நானே வியந்தேன். ஒவ்வொரு முயலுக்கும் ஒரு கதை தயார் செய்தேன். மூன்றாவது முயலை முப்பது கஜத்தில் காற்றுக்கு எதிராகச் சுட்டேன். நான்காவது கல்சுவர் தாண்டும்போது, பாயும் நேரத்தில். ஐந்தாவதைச் சுட்டபோது மழை.

"மழையா? நேத்து மழையே இல்லையே" என்றாள் டோரீன்.

"மேட்டுல மட்டும்."

"ஓஹோ. மேகமும் அனுமதி வாங்கிட்டு வந்துச்சோ?"

ஆறாவதுக்குப் போனபோது டின்ஸ்டேல் முயலை இறக்கிக்கொண்டே சொன்னார்: "முயல் கொண்டுவர்றவங்க கேட்டாங்க, யாரு இப்படி விடாம வாங்கறதுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"கண்ணாடி போட்ட பெரியவர், தோள்ல போட்டுட்டுப் போறார்னேன். அவங்களுக்குச் சிரிப்பு தாங்கல. வாரம் ஒரு டஜன் தர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க, வைக்கத்தான் இடம் இல்லையாம்."

அந்த ஆள் நல்ல சிரிப்புக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன். ஆறாவது கோடு விழுந்தது. ஷெட் என்னுடையது. அன்று சாயங்காலம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஊதினேன். டோரீன் ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

விருந்து அமர்க்களம். நீள மேஜைகள், முட்டைக்கோஸ் அலங்காரம், டோரீனின் முயல் பை. எல்லோரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். பாதிரியார் எழுந்து, ஹீட்டன் குடும்பத்துக்கு நன்றி என்றார். மெட்காஃப் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"புல்லு தலை தூக்குதுப்பா இந்த வருஷம். முயல் பாதியாக் குறைஞ்சுபோச்சு. உங்க வீட்டுக் குறி மாதிரி இந்தப் பள்ளத்தாக்குலயே கிடையாது."

"ஏதோ நம்மால முடிஞ்சது" என்றேன்.

மெட்காஃப் டோரீனைப் பார்த்தார். டோரீன் உருளைக்கிழங்கைப் பார்த்தாள்.

"அந்தத் தண்ணித் தொட்டிய மட்டும் யாரோ சுட்டிருக்காங்க" என்றார் மெட்காஃப். "சூயிங்கம் வச்சு அடைச்சிருக்கு."

"வெளியூர்க்காரனா இருக்கும்" என்றேன்.

மறுநாள் ஞாயிறு, ஒன்பதரை. கீழே வந்தேன். சமையல் மேஜையில் ஒரு முயல் கிடந்தது. ஏழாவது. கால் இன்னும் கோக்கவில்லை. பக்கத்தில் கத்தி.

"ஏது இது?"

"இருக்கட்டும். அதைக் கொஞ்சம் கோத்துக் குடேன், கண்ணு. நீதான் அழகா கோக்கறியே."

தட்ட முடியுமா? கத்தியை எடுத்தேன். ஆறு முயலைத் தோளில் சுமந்தவன், இது என்ன பெரிய வித்தை? இடது கையால் முயலைப் பிடித்தேன். வலது கையிலிருந்த கத்திக்கு எதிரில் வசதியாக வந்து நின்றது முயலின் இடது கால். கீறினேன். மற்ற காலை நுழைத்தேன். பெருமையோடு தூக்கிக் காட்டினேன்.

"நல்லா இருக்கு" என்றாள் டோரீன். "இடது கால்ல கீறியிருக்கே."

"எல்லாரும் அப்படித்தான் கீறுவாங்க."

"ஆமா, எல்லாரும் அப்படித்தான் கீறுவாங்க. எங்கப்பாவும் அப்படித்தான். ஆனா நீ கொண்டு வந்த ஆறும் வலது கால்ல கீறினது."

"அதனால?"

"வலது கால்ல கீறுறது இடது கைக்காரங்க மட்டும்தான், கண்ணு."

இதைச் சொல்லிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள். கத்தி அவளுடைய இடது கையில் இருந்தது.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். கிரேவி என்னைப் பார்த்தது. அதற்கு மே மாதத்திலிருந்தே தெரியும்.

"நீயா?"

"பின்னே மேகமா? ஆறு மணிக்குள்ள மூணு முயல் சுட்டுட்டு, துப்பாக்கியத் துடைச்சு வச்சுட்டு, நீ எந்திரிக்கும்போது டீயும் போட்டுடுவேன். ஒரே தொல்லை அந்தத் தொலைநோக்கிதான். தினம் சாயங்காலம் நீ திருகைத் திருப்பி வச்சுடறே. காலைல எனக்குச் சரி பண்றதுக்கே அரை மணி போகுது."

"அப்ப என் குண்டு இடது பக்கம் போனது..."

"நான் என் கண்ணுக்குத்தானே வச்சுக்க முடியும்?"

உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, மழையைப் பற்றிச் சொன்ன கதையை நினைத்துத்தான் ரொம்ப வெட்கமாக இருந்தது.

"முதல் முயல்லயே தெரிஞ்சுடுச்சா?"

"என் முயல் எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை டின்ஸ்டேல்ட்ட கொடுத்தேன். புதன்கிழமை திரும்பி வந்துடுச்சு. முதல்ல திருப்பி அனுப்பிட்டாங்களோன்னு பயந்தேன்."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"விருந்துக்கு ஆறு வேணுமே. அத்தோட நாலாவது முயல் கல்சுவரைத் தாண்டும்போது பாய்ஞ்சுதே பாரு, அந்தக் கதைய எப்படி நிறுத்தச் சொல்றது? அது உக்காந்து காதைச் சொறிஞ்சுட்டிருந்தப்ப நான் சுட்டது."

நாட்காட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். 'தானே' என்பதன் கீழே இருந்த கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"ஷெட் எதுக்குன்னு மட்டும் சொல்லு" என்றேன்.

"முயல் தொங்கவிடத்தான். குளுகுளுன்னு இருக்கு, ஈ வராது. வாரம் ஒரு டஜன் கேக்கறார். உன்னாலதான் கண்ணு வியாபாரம் சூடு பிடிச்சுது."

மத்தியானமே மாறியாகிவிட்டது. உத்தரத்தில் புதிதாகப் பதினோரு கொக்கி அடித்தேன். ஆமாம், நான்தான் அடித்தேன். பன்னிரண்டாவதாக என் பழைய கொக்கி. யூஃபோனியத்தைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. இருபது வருஷம் ஊதிய இடம்.

டோரீன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மனசு இளகியிருக்க வேண்டும். வெளியே வந்தாள்.

"ஊதறதுக்கு இடம்தானே வேணும்? மேட்டு உச்சியில நின்னு ஊது. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. மெட்காஃப்ட்ட நான் கேட்டுட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. எவ்வளவு சத்தமா வேணும்னாலும் ஊது. ஒரே ஒரு நிபந்தனை. காலைல ஆறரை மணிக்கு."

இப்போது அக்டோபர். தினமும் விடியலைப் பார்க்கிறேன். எதுவும் மாறவில்லை, அதே அரையிருட்டு, அதே குளிர். ஆறரை மணிக்கு மேட்டு உச்சியில் நின்று முழு மூச்சில் ஊதுகிறேன். மேய்ச்சலில் இருக்கும் முயல்கள் எல்லாம் அலறியடித்துக்கொண்டு கீழே வளைகளை நோக்கி ஓடுகின்றன. வளை வாசலில் ஒரு கணம் நின்று, இது என்ன சத்தம் என்று திரும்பிப் பார்க்கின்றன. அந்த ஒரு கணம் டோரீனுக்குப் போதும். கிரேவி அவள் பக்கத்தில் கப்சிப்பென்று உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் என் உழைப்பைப் பாராட்டி எனக்கு ஓர் அனுமதிக் கடிதம் கொடுத்தாள். பின்பக்கம் சாய்ந்த எழுத்து. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். 'ஆர்னல்ட் ஹீட்டன் மாதம் ஒரு முயலைத் தானே சுட்டதாக வெளியே சொல்லிக்கொள்ளலாம். கசாப்புக் கடையில் செல்லாது.'